எருமை எண் 212

பூங்கோதை அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்த கையோடு கணவனின் தலையை அளந்துவிடுவாள். சமையலறைச் சுவரில், மிக்ஸிக்குப் பக்கத்தில், கவிழ்த்து வைத்த குடம் அளவுக்கு ஒரு துருமானி தொங்கியது. தணிகைவேல் முக்காலியில் உட்கார்ந்து அதற்குள் தலையைக் கொடுப்பான். தண்ணீர் கொதிப்பதற்குள் எண் வந்துவிடும். அன்று வந்தது நாற்பத்து நான்கு.

"கூடியிருக்கா?" என்று குடத்துக்குள்ளிருந்து கேட்டான்.

"ரெண்டு கூடியிருக்கு."

"சரி விடு. சக்கரை கொஞ்சம் தூக்கலாப் போடு."

அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு எதிர்வீட்டுத் தமயந்தி கதவைத் திறந்தாள். "உங்க வீட்டுல எவ்வளவுக்கா?"

"நாப்பத்து நாலு."

"எங்க வீட்டுல நாப்பத்தொண்ணு. ஒரு வாரமா அதுலயே நிக்குது" என்றாள் தமயந்தி. அவள் ஏன் அதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள் என்று பூங்கோதை அப்போது யோசிக்கவில்லை. முன்பெல்லாம் பூமியில் சர்க்கரை அளவையும் ரத்தக் கொதிப்பையும் விசாரித்துக்கொண்ட மாதிரி, அந்தக் குடியிருப்பில் துருவை விசாரித்துக்கொண்டார்கள்.

குடியிருப்பு இருந்தது நிலவின் தென்முனையில். அங்கே சூரியன் அடிவானத்தைச் சுற்றிவருமே தவிர மேலே ஏறாது. பெரும்பள்ளங்களுக்குள் அது எட்டிப் பார்த்ததே இல்லை. அந்த இருட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கிடக்கும் பனியை வெட்டி எடுத்து, போகிற வருகிற கப்பல்களுக்குத் தண்ணீராகவும் காற்றாகவும் கொடுப்பதுதான் அங்கிருந்த நாலாயிரம் பேருக்கும் பிழைப்பு. பாதிப்பேர் நெய்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். நிலக்கரி வெட்டிய கைக்குப் பனி வெட்ட வராதா என்று கூட்டிக்கொண்டு போனார்களாம்.

மனிதர்களோடு இயந்திரங்களும் வெட்டின. ஆறு கால், அகன்ற முதுகு, எதற்கும் அசையாத நடை. அவற்றுக்கு நிர்வாகம் வைத்த பெயர் நீளமானது. ஜனங்கள் எருமை என்றார்கள். நாளடைவில் நிர்வாகமும் எருமை என்றே எழுத ஆரம்பித்தது.

பள்ளத்தின் வாயிலில், கல்யாண வீட்டில் சந்தனம் வைப்பதுபோல, ஒரு தட்டில் உந்துவில்லைகள் வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் பதினெட்டு மணி நேரம் கண் சொக்காது, கை தளராது, பசி தெரியாது. எடுத்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லை. வேண்டாதவர் கடந்து போகலாம். அப்படிக் கடந்து போன ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

வில்லை செய்கிற காரியம் எளிமையானது. மூளைச் செல்லுக்குள் டோபமைன் என்ற வேதிப்பொருள் சின்னச் சின்னப் பைகளில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பைக்குள் இருக்கும்வரை அது சாது. வில்லை அந்தப் பைகளை எல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்த்துக் கொட்டும். மனிதனுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் வெளியே கொட்டியது அங்கேயே ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிதையும். சிதையும்போது அடங்காப்பிடாரி மூலக்கூறுகள் பிறக்கும். அவை செல்லின் கொழுப்புச் சுவரைக் கடிக்கும், புரதத்தைக் கடிக்கும், செல்லுக்குச் சக்தி கொடுக்கும் உலையையே கடிக்கும். இவற்றைத் துடைத்து எடுக்க உடம்பிலேயே துப்புரவுக்காரர்கள் உண்டு. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: தூக்கம், கொஞ்சம் அவகாசம். அது கிடைக்காதபோது கழிவு சேர்ந்துகொண்டே போகும். மருத்துவர்கள் இதற்கு நீண்ட பெயர் சொன்னார்கள். இரும்போடு புழங்குகிற ஜனங்கள் மூளைத்துரு என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

தணிகைவேலின் துருவைப் பூங்கோதை எண்ணில் மட்டும் பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் அவன் அவளுக்கு நாளுக்கொரு பட்டப்பெயர் வைப்பான். சிடுமூஞ்சிச் சீமாட்டி, பாதி வெந்த இட்லி, பதிவகப் பட்டத்தரசி என்று வாய்க்கு வந்தபடி கூப்பிடுவான். அவளும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்துவாள். பிறகு அது வாரத்துக்கு ஒன்றாயிற்று. பிறகு கோதை என்று மட்டும் கூப்பிட்டான். இப்போது ஆறேழு மாதமாக "இந்தாம்மா" என்கிறான், பேருந்தில் பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் சொல்வதுபோல.

டாக்டர் நசீமா பேகம் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "வில்லையை நிறுத்தணும், தூங்கணும். ரெண்டு மாசம் ஒழுங்காத் தூங்கினா பாதித் துரு இறங்கிடும். ஆனா அறுபதைத் தாண்டிட்டா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்கம்மா. அதுக்கு மேல செல் செத்துப்போயிருக்கும். செத்ததை நான் எழுப்ப முடியாது" என்றார்.

பூங்கோதை நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதினாள். மரியாதையான பதில் வந்தது. மனிதர்களுக்கு ஓய்வு விதி என்று ஒன்று இல்லை; ஏனென்றால் மனிதர்கள் சுதந்திரமானவர்கள். திரு. தணிகைவேல் விரும்பினால் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓய்வெடுக்கலாம்.

"அதான் சொல்லிட்டாங்களே, எடுங்களேன்" என்று அவள் கெஞ்சினாள்.

"நானா எப்படி எடுக்கிறது? பட்டியல்ல பேரு கீழ போயிடாது?"

பள்ளத்தின் வாயிலில், வில்லைத் தட்டுக்கு மேலே, அந்தப் பட்டியல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அன்றன்று யார் எவ்வளவு பனி வெட்டினார்கள் என்று மனிதர்களையும் எருமைகளையும் ஒன்றாக வரிசைப்படுத்திக் காட்டும். தணிகைவேல் பதினேழாவது இடம். அவனுக்கு மேலே இருந்ததில் பன்னிரண்டு எருமைகள். கடைசி இடத்துக்குப் போகிறவனுக்கு என்ன தண்டனை என்று எவரும் நிர்வாகத்தைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும்: ஒன்றுமில்லை. அந்தப் பலகையை நிர்வாகம் மாட்டியது உதிரிபாகங்கள் வாங்கும் கணக்குக்காக.

"மேல இருந்து உத்தரவா வந்தா எடுத்துக்கிறேன்" என்றான் தணிகைவேல். "உத்தரவுன்னா யாரும் குறை சொல்ல முடியாதுல்ல."

அந்த வாக்கியம் பூங்கோதையின் மனதில் உட்கார்ந்துகொண்டது. அவள் வேலை பார்த்தது இயந்திரப் பராமரிப்புப் பதிவகத்தில். எந்த எருமைக்கு எந்த மூட்டில் எத்தனை சதவீதம் துரு என்று எழுதுவதுதான் வேலை. எருமைகளுக்கு விதி இருந்தது. ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம் கொட்டிலில் கட்டாய ஓய்வு. மூட்டுத்துரு நாற்பதைத் தாண்டினால் நாற்பது நாள் முழு ஓய்வு, இதமான வெப்பம், நீல விளக்கு, தினமும் எண்ணெய். அந்த நாற்பது நாளும் பட்டியலில் எருமையின் இடம் அப்படியே உறைந்து நிற்கும். எவரும் அதைத் தாண்ட முடியாது. இத்தனை வருடமாக இதை எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அன்றுதான் அழுகை வந்தது. ஒரு மூட்டுக்குக் காட்டுகிற கருணையை ஒரு மூளைக்குக் காட்ட அந்த ஊரில் ஒரு படிவம்கூட இல்லை.

அடுத்த வாரம், எண் நாற்பத்தேழு ஆனபோது, அவள் புதிய இயந்திரப் பதிவுப் படிவத்தை எடுத்தாள். காதும் காதும் வைத்தாற்போல் நிரப்பினாள். தயாரிப்பு ஆண்டு: அவன் பிறந்த ஆண்டு. எடை: அறுபத்தெட்டு கிலோ. எரிபொருள்: சோறு, குழம்பு, தேநீர். இயங்கும்போது ஓசை: மிதமானது. ஓய்வில் ஓசை: குறட்டை, அதிகம். துரு: நாற்பத்தேழு. ஒன்றுகூடப் பொய்யில்லை. இயந்திரமா மனிதனா என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லவே இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு சந்தேகம் வரும் என்று படிவம் எழுதியவருக்குத் தோன்றவில்லை. கால்களின் எண்ணிக்கையில் மட்டும் இரண்டு என்று எழுதிவிட்டு, "நான்கு கழன்றுவிட்டன" என்று குறிப்புப் போட்டாள். சரி, ஒரே ஒரு பொய்.

மறுநாள் உத்தரவு வந்தது. எருமை எண் 212, உடனடியாகக் கொட்டிலுக்கு, நாற்பது நாள்.

"பாத்தியா, உத்தரவே வந்துடுச்சு" என்று தணிகைவேல் தலையணையை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். எருமை என்று அழைத்ததைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொட்டில் நீளமான நீல வெளிச்ச அறை. இரண்டு பக்கமும் எருமைகள் காலை மடக்கிப் படுத்திருந்தன. அவற்றுக்கு நடுவே இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிய இடத்தில் பூங்கோதை மெத்தை விரித்தாள். முதல் நாலு நாள் அவன் நடுங்கினான், வியர்த்தான், அவளைத் திட்டினான், சாப்பாட்டைத் தள்ளிவிட்டான். ஐந்தாம் நாள் தூங்க ஆரம்பித்தான். இருபது மணி நேரம், பதினெட்டு மணி நேரம் என்று தூங்கினான். அவள் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் தூக்குவாளியோடு வந்து, கையடக்கத் துருமானியை அவன் தலையில் வைத்துப் பார்ப்பாள். நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. நாற்பத்து மூன்று.

பன்னிரண்டாம் நாள் எண் நாற்பத்தொன்று. அவன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான். அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன, கோப்புப் பூனை, இன்னிக்கு என்ன குழம்பு?"

பூங்கோதை தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் படுத்திருந்த எருமையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். ஏழு மாதத்துக்குப் பிறகு கணவன் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறான். பாதி வழிதான். வரட்டும், மெல்ல வரட்டும்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் அந்தத் தவறைச் செய்தாள். பதிவகத்தில் இருக்கிற எவரும் செய்யக்கூடிய தவறுதான். கொட்டிலில் ஒவ்வோர் இயந்திரமும் எவ்வளவு அசையாமல் கிடந்தது என்று உணர்கருவிகள் தினமும் ஒரு சதவீதத்தைப் பதிவகத்துக்கு அனுப்பும். அவனை உற்சாகப்படுத்த நினைத்து அவள் அதைச் சொன்னாள்.

"நேத்து உங்க ஓய்வு எவ்வளவு தெரியுமா? எண்பத்திரண்டு! இவ்வளவு நல்லாத் தூங்கறீங்க."

தணிகைவேல் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். பக்கத்து இடத்தைப் பார்த்தான். "இவனுக்கு எவ்வளவு?"

"யாருக்கு?"

"இந்த நூத்திப் பதினெட்டுக்கு."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பதினோரு வருடம் சரியான எண்ணை எழுதிப் பழகிய வாய் அது. "அதுக்கு நூறுங்க. அது மெஷின். அதுங்க எல்லாமே நூறுதான்."

"அப்ப நான்தான் கடைசி" என்றான் தணிகைவேல். பிறகு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தான்.

அன்றிலிருந்து ஓய்வு சதவீதம் ஏறியது. எண்பத்தெட்டு, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றேழு. பூங்கோதை போகும்போதெல்லாம் அவன் மல்லாந்து, கைகளை நேராக வைத்து, கண்ணை மூடிக் கிடந்தான். புரள்வதில்லை. குறட்டைகூட இல்லை. நல்ல தூக்கம் என்று அவள் தூக்குவாளியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, நுனிக்காலில் நடந்து வெளியே வருவாள்.

ஆனால் துரு இறங்கவில்லை. நாற்பத்திரண்டு என்றது மானி. பிறகு நாற்பத்தைந்து. மானிதான் கெட்டுவிட்டது என்று வேறொன்று வாங்கினாள். அது நாற்பத்தொன்பது என்றது. டாக்டரிடம் ஓடினாள்.

"ஆளைக் கூட்டிட்டு வாங்க, பாக்கறேன்" என்றார் நசீமா பேகம்.

கூட்டிக்கொண்டு வர முடியவில்லை. முழு ஓய்வில் இருக்கும் இயந்திரத்தை, கொட்டில்களைச் சோதிக்க வரும் மேலாய்வி பார்த்து ஒப்புதல் கொடுக்காமல் கொட்டிலை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. அவள் விண்ணப்பித்தாள். வரிசைப்படி வரும் என்று பதில் வந்தது. அவன் மனிதன் என்று அவள் ஒப்புக்கொண்டால் உடனே வெளியே விடுவார்கள். விட்ட மறுநிமிடம் அவன் பள்ளத்துக்குப் போய்விடுவான். இன்னும் கொஞ்ச நாள்தானே, தூங்கத்தானே செய்கிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு காத்திருந்தாள். ஐம்பத்து மூன்று. ஐம்பத்தேழு. ஒவ்வோர் எண்ணையும் பார்த்துவிட்டு, மானியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

முப்பதாம் நாள் மேலாய்வி வந்தது. அதுவும் இயந்திரம்தான்; ஒல்லியாக, உயரமாக, கழுத்தில் ஒரு விளக்கோடு இருக்கும். எல்லாரும் அதை சார் என்றே கூப்பிட்டார்கள்.

"எருமை எண் இருநூற்றுப் பன்னிரண்டின் ஓய்வு நேற்று நூறு சதவீதம்" என்றது மேலாய்வி. "ஆனால் வெப்பம் அதிகம். உள்ளே ஏதோ முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தி வைத்த இயந்திரத்தில் இது நடக்கக் கூடாது."

விளக்கை அவன் உடம்பு நெடுக ஓட்டியது. கால்களுக்கு வந்ததும் நின்றது. "இரண்டு உள்ளங்கால்களிலும் பதிவில் இல்லாத உதிரிபாகங்கள் இருக்கின்றன. மொத்தம் நான்கு."

பூங்கோதை குனிந்து பார்த்தாள். நான்கு உந்துவில்லைகள், வரிசையாக. கொட்டில் வாசலிலும் பராமரிப்புக்காரர்களுக்காக ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஏங்க!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வேலைதான் இல்லையே! பட்டியல்ல பேரு அப்படியே நிக்குதே! எதுக்குங்க இது?"

தணிகைவேல் கண்ணைத் திறந்தான். தூக்கத்தின் சாயலே இல்லாத கண்கள். பதினேழு நாளாக அவை மூடியிருந்தன, தூங்கவில்லை.

"தூங்கினா புரண்டுடறேன்" என்றான். "கை காலு தானா அசையுது. அசைஞ்சா சதவீதம் போயிடுது. முழிச்சுட்டுக் கெடந்தாத்தான் அசையாம இருக்க முடியுது. அதுக்கு ஒண்ணு பத்தல. நேத்து எவ்வளவு? நூறா?"

மேலாய்விதான் பதில் சொன்னது. "நூறு."

"இவனுக்கு?"

"எருமை எண் நூற்றுப் பதினெட்டு நேற்று ஒருமுறை எண்ணெய் மாற்றத்துக்காகக் காலை நீட்டியது. தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு."

தணிகைவேல் சிரித்தான். அத்தனை சந்தோஷமாக அவன் சிரித்து அவள் பார்த்து வருடக்கணக்காகிறது. "பாத்தியா? தாண்டிட்டேன்!"

மேலாய்வியின் விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது. "ஓய்வெடு என்றால் இயந்திரம் ஓய்வெடுக்கும். பக்கத்து இயந்திரம் எவ்வளவு ஓய்வெடுத்தது என்று இதுவரை எந்த எருமையும் என்னைக் கேட்டதில்லை. ஆகவே இது மனிதன். பதிவு ரத்து செய்யப்படுகிறது. எழுதும்போது நேர்ந்த தவறு என்று குறித்துக்கொள்கிறேன். உங்கள் மேல் நடவடிக்கை இல்லை. இனி இவர் சுதந்திரமானவர். விரும்பினால் ஓய்வெடுக்கலாம்."

"சார், சார்" என்று பூங்கோதை அதன் முன்னால் போய் நின்றாள். "இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கு சார். நான் கூடவே உட்கார்ந்து பாத்துக்கறேன். வில்லையைப் பிடுங்கி எறிஞ்சுட்டு நிஜமாவே தூங்க வைக்கிறேன். அந்தச் சதவீதத்தை மட்டும் அளக்காம விட்டுடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரு மனுசன் சார்..."

"மன்னிக்கவும்" என்றது மேலாய்வி. "எனக்கு ஓய்வு நேரம் வந்துவிட்டது." அது காலியான ஓர் இடத்தைப் பார்த்து நடந்து போய், காலை மடக்கிப் படுத்து, விளக்கை அணைத்துக்கொண்டது. யாரைத் தாண்ட வேண்டும் என்ற கவலை எதுவும் அதற்கு இல்லை.

பூங்கோதை கையடக்க மானியை எடுத்தாள். பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தது. பார்த்தாள். அறுபத்தொன்று.

தணிகைவேல் எழுந்து தலையணையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். அவளைப் பார்த்து எதையோ சொல்ல வாயைத் திறந்தான். ஒரு பெயரைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

"இந்தாம்மா, எந்தப் பக்கம் போகணும்?"

அவன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். கதவைத் திறக்கும்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தமயந்தி பழக்கப்படி தலையை நீட்டினாள்.

"வந்துட்டாராக்கா? எவ்வளவு இருக்கு இப்ப?"

"அறுபத்தொண்ணு" என்றாள் பூங்கோதை.

தமயந்தியின் முகம் வாடியது. ஆனால் அது இரக்கத்தால் வந்த வாட்டம் இல்லை. அவள் திரும்பி, உள்ளே முக்காலியில் தலையைக் குடத்துக்குள் விட்டு உட்கார்ந்திருந்த தன் கணவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"எங்க வீட்டுலயும்தான் இருக்காரே" என்றாள். "இன்னும் ஐம்பதுகூடத் தாண்டல."